மூடி திறந்து பார்ப்பவர்

கைக்கடிகாரத்தில் மணி பார்க்கிறவர்கள் ஒரு ரகம். மணியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்க்கிறவர்கள் இன்னொரு ரகம். இரண்டாவது ரகத்தை நீங்கள் இன்னும் சந்திக்கவில்லை என்றால் விருத்தாசலம் வாருங்கள். பாலக்கரைக்குப் பக்கத்தில் செராமிக் பொம்மைக் கடை வைத்திருக்கிறார் பிரபாகரன்.

பஸ்ஸுக்கு நிற்கிறவர் யாராவது இவரிடம் மணி கேட்டுவிட்டால், கட்டியிருக்கும் பழைய வாட்ச் எந்த நாட்டில் செய்தது, உள்ளே சக்கரம் தேயாமலிருக்கப் பதித்தது எத்தனை கல், இதற்கு முன் அதைப் பிரித்த மகாபாவி யார், எந்தத் திருகாணியில் கீறல் விழுந்திருக்கிறது என்று அத்தனையும் சொல்லுவார். மணி மட்டும் சொல்லமாட்டார். கேட்டவருக்குப் பஸ் போய்விடும்.

"மூஞ்சியப் பாத்து ஏமாறக் கூடாதுங்க. உள்ள மிஷினப் பாக்கணும்" என்பார்.

மகள் ஜெயஸ்ரீக்குச் சேத்தியாத்தோப்பில் மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயதார்த்தத் தட்டில் மாப்பிள்ளைக்கு வாட்ச் வைக்க வேண்டும். புதிதாக ஒன்று வாங்குவாரா பிரபாகரன்? பழைய ஆட்டோமேட்டிக் இரண்டைத் தேடிப் பிடித்தார். ஆட்டோமேட்டிக் என்றால் சாவி கொடுக்க வேண்டாம். கை ஆட ஆட உள்ளே ஒரு தகடு சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கும். ஒன்றில் தகடு எந்தப் பக்கம் சுழன்றாலும் முறுக்கும், மற்றதில் ஒரு பக்கம் மட்டும்தான். முன்னது கெட்டிக்காரத்தனம், பின்னது நீண்ட ஆயுள். எதைக் கொடுப்பது? பெண்ணைக் கொடுக்க ஒரே நாளில் சம்மதித்தவர், வாட்சைக் கொடுக்க மாதக்கணக்கில் யோசித்தார். சோதித்துப் பார்க்கக் கைக்கு ஒன்றாகக் கட்டிக்கொண்டு, செல்போனில் இரண்டின் உட்புறப் படங்களையும் பெரிதாக்கியபடி கடை நாற்காலியில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வைக்கோல் சுற்றிப் பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கியதெல்லாம் மனைவி அமிர்தம்தான்.

நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். தட்டில் பூ, பழம், வேட்டி எல்லாம் இருந்தன. வாட்ச் இல்லை.

"ஏங்க, எதாவது ஒண்ண வைங்க. ராவுகாலம் வந்துடும்" என்றாள் அமிர்தம்.

பிரபாகரன் இடது கையைப் பார்த்தார். சந்தேகத்துக்கு வலது கையையும் பார்த்தார். "நெறைய நேரம் இருக்குது."

மாப்பிள்ளையின் மாமா பாலகிருஷ்ணன் செல்போனைப் பார்த்துவிட்டு எழுந்தார். "நல்ல நேரம் முடியப் போவுதுங்க. பொண்ணு குடுக்க இஷ்டம் இல்லன்னா சொல்லிடுங்க, நாங்க கெளம்பறோம்."

ஜெயஸ்ரீக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அமிர்தம் கணவரின் இரண்டு கைகளையும் பிடித்துப் பார்த்தாள்.

"ரெண்டும் நின்னே போயிருக்குதுங்க. கை ஆடினாத்தான ஓடும்? நீங்க எங்க ஆட்டுனீங்க?"

கூடம் மொத்தமும் சிரித்தது. கிளம்ப இருந்த பாலகிருஷ்ணனும் சிரித்தபடி உட்கார்ந்துவிட்டார். அகப்பட்ட ஒன்றைக் கழற்றி அமிர்தம் தட்டில் வைத்தாள். மாப்பிள்ளை நிலவன் அதைக் கட்டிக்கொண்டு கையை இரண்டு உதறு உதறினான். முள் நகர்ந்தது. வருங்கால மாமனாரைப் பார்த்துச் சொன்னான்:

"ஓடுதுங்க மாமா."

பிரபாகரன் ஓடிப்போய்க் காதை வைத்துக் கேட்டார். முகம் மலர்ந்தது. பிறகு அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னார்: "மாப்ளே, கொஞ்சம் கழட்டிக் குடுங்க. மூடியத் தொறந்து ஒரு தடவ பாத்துட்டுத் தரேன்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் நிச்சயம் நல்லபடியாக முடிந்ததா, ஜெயஸ்ரீ கண்ணைத் துடைத்துக்கொண்டாளா என்று கேட்பதற்கு முன்னால், அமிர்தம் கழற்றியது இரண்டு பக்கமும் முறுக்குகிற வாட்சா, ஒரு பக்கம் முறுக்குகிற வாட்சா என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றியிருந்தால், ஒன்று சொல்லிவிடுகிறேன். கடையில் பிரபாகரனுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.