ஜரிகையில் பதினொரு பெயர்கள்

கால்பந்து உலகுக்கு ஆரணி அளித்த கொடையைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை. மற்ற ஊர்களில் ஆட்டக்காரனின் காலைப் பார்த்து அணியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கால் இன்றைக்கு நன்றாக இருக்கும், நாளைக்குச் சுளுக்கிக்கொள்ளும். அப்படி நிலையில்லாத ஒன்றை நம்பி அணி அமைப்பது அறிவுடைமை ஆகாது என்று முதலில் கண்டுகொண்டவர்கள் நாங்கள்தான். 1984 பொங்கல் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு நாங்கள் அணியைத் தேர்ந்தெடுத்த முறையைப் பிற ஊர்களும் பின்பற்றலாம் என்பதால், என் நாட்குறிப்பைப் பார்த்து வரிசையாக எழுதுகிறேன். தேதிகள் சரி. மற்றவற்றில் நான் தவறியிருக்கலாம்.

நான் பகலில் ஜக்கார்டு அட்டை குத்துகிறவன். புடவை முந்தானையில் என்ன வர வேண்டுமோ அதைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து, அதன்படி அட்டைகளில் ஓட்டை போட்டு, வரிசையாகக் கயிற்றில் கோத்துத் தறிக்குக் கொடுப்பேன். அட்டையில் இருப்பதுதான் துணியில் வரும். மாலையில் தட்டச்சு வகுப்புக்குப் போகிறேன். அதனால் ஊர்க் கால்பந்துக் கழகத்தில் கூட்டக் குறிப்பு எழுதும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருந்தார்கள். குறிப்பு எழுதுகிறவனுக்கு வாக்கு கிடையாது. தேநீர் உண்டு.

எங்கள் கழகத்தின் பெருமை சுப்பராயலு அண்ணன். வயது முப்பத்தேழு. 1971-இல் மாநில அணிக்காகப் பதினேழு நிமிடம் ஆடியவர். அன்று முதல் எங்கள் அணியின் 'சென்டர் ஃபார்வர்ட்' இடம் அவருடையது. கடைசி ஏழு ஆட்டங்களில் அவர் பந்தைத் தொட்ட எண்ணிக்கையை நான் குறித்து வைத்திருக்கிறேன்: 19, 15, 15, 11, 8, 6, 5. கோல் இல்லை. இதில் அவர் குறை எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பந்துதான் அவரிடம் வருவதைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டது.

ஜெயவேல் என்று இன்னொருவன். முள்ளிப்பட்டில், கழகத் தலைவர் வேணுகோபாலிடம் பாவு நூல் வாங்கி நெய்கிறவன். அவனும் 'சென்டர் ஃபார்வர்ட்'. மாற்று ஆளாக மூன்று ஆட்டங்களில் கடைசிப் பத்துப் பத்து நிமிடம் இறங்கி, ஐந்து கோல் போட்டிருந்தான். இது என் எண்ணிக்கை. அதிகமாகப் பட்டதால் இரண்டு முறை சரிபார்த்தேன். ஐந்துதான்.

இறுதி ஆட்டத்தைப் பார்க்க ஒரு நூற்பாலை அதிகாரி வருவதாக இருந்தது. இருபத்தொரு வயதுக்குள் நன்றாக ஆடுகிற பையன்களைத் தங்கள் அணிக்கு எடுத்து, ஆலையில் நிரந்தர வேலையும் கொடுப்பார்கள். ஜெயவேலுக்கு மாசியில் இருபத்தொன்று முடிகிறது. தையில் ஆடவில்லை என்றால் அவனுக்கு அப்புறம் தறிதான்.

தேர்வுக் குழு மார்கழி பத்தாம் தேதி, வேணுகோபாலின் பட்டுக் கடை மாடியில் கூடியது. குழுவில் பத்துப் பேர். உடற்பயிற்சி ஆசிரியர் புஷ்பதந்தன் ஒருவர் தவிர மற்ற ஒன்பது பேரும் நெசவுக்காரர்கள். சுப்பராயலு அண்ணன் 'சிறப்பு அழைப்பாளர்'. அவரும் நெசவுக்காரர்தான்.

புஷ்பதந்தன்தான் பேச்சைத் தொடங்கினார். "சுப்பராயலு பெரிய ஆட்டக்காரர். யாரும் இல்லைன்னு சொல்லலை. ஆனா இப்ப ஓட முடியலைங்களே. இந்த ஒரு மேட்சுக்கு ஜெயவேலை எறக்கலாம்."

துணைத் தலைவர் ஏகாம்பரம் சிரித்தார். "ஓடறதுல இன்னா சார் கீது? பஸ் புடிக்கிறவன் கூடத்தான் ஓடறான். இவரு நின்னா ஒரு நிற்பு கீது பாருங்க, அது வருமா அந்தப் பையனுக்கு?"

"நின்னுகினே இருந்தா பந்து எப்படிங்க வரும்?"

"வராத பந்துக்கு அவரு இன்னா சார் பண்ணுவாரு?"

இந்தக் கேள்வியைக் குறிப்பில் எழுதிக்கொண்டேன். எழுதிய பிறகு யோசித்துப் பார்த்தேன். நியாயமாகத்தான் பட்டது.

அப்போது எதிர்பாராத ஒன்று நடந்தது. சுப்பராயலு அண்ணன் தானே எழுந்தார். "வேணு, வாத்தியார் சொல்றது நெசம்தான். முட்டி ஒரே பேஜாரா கீது. இந்த மாடிப்படி ஏறவே ரெண்டு தபா நின்னேன். பையன் ஆடட்டும்."

"பாத்தீங்களா, இதுதான் பெருந்தன்மை. எழுதிக்கோ தணிகாசலம்" என்று தலைவர் என் பக்கம் திரும்பினார்.

'முழங்கால் வலியையும் பொருட்படுத்தாது ஆட முன்வந்த திரு. சுப்பராயலு அவர்களைக் குழு பாராட்டுகிறது' என்று எழுதினேன்.

"இல்ல வேணு, நான் சொல்ல வந்தது..."

"நீங்க சும்மா இருங்கண்ணா. உங்களப் பத்தி எங்களுக்குத் தெரியாதா?" தலைவர் குரலைத் தாழ்த்தினார். "அதுவும் இல்லாம, இப்ப இதப் பேசிப் பிரயோஜனம் இல்ல. மைதானத்தச் சுத்தி எடுத்துகினு வர்றதுக்குப் பட்டுக் கொடி ஒண்ணு போடறோம். பதினோரு பேர் பேரும் அதுல வருது. அட்டை குத்தியாச்சு. மொதல் பேரு சுப்பராயலு."

சுப்பராயலு அண்ணன் நின்றபடியே கேட்டார்.

"ஜரிகையிலயா?"

"அசல் ஜரிகை."

அவர் முழங்காலில் வைத்திருந்த கையை எடுத்தார். பிறகு உட்கார்ந்தார்.

அட்டை குத்தியது நான்தான். இரண்டு நாள் முன்பு தலைவர் பெயர்களைக் கொடுத்தார். யாரோ எங்கோ அணியைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக் குத்தினேன். தேர்ந்தெடுத்தது நான் என்பது கூட்டத்தில்தான் தெரிந்தது.

புஷ்பதந்தன் விடவில்லை. "எனக்கு நெசவு தெரியாது, அதனால கேக்கறேன். அந்த ஒரு பேர மட்டும் மாத்த முடியாதுங்களா?"

ஒன்பது பேரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"சார், அட்டைன்றது சிலேட்டுப் பலகை இல்ல, அழிச்சி எழுதறதுக்கு" என்றார் ஏகாம்பரம்.

"உங்க கிளாஸ்ல வந்து நாங்க விசில் ஊதறமா?" என்றார் இன்னொருவர்.

"தொழில் தெரிஞ்சவனையே கேட்டுடுவோம்" என்றார் தலைவர். "இன்னாப்பா தணிகாசலம், மாத்த முடியுமா?"

கோத்த அட்டைகள் என் மடியிலேயே இருந்தன. இன்னும் தறியில் ஏற்றவில்லை. எனக்கு வரும் வேலையில் முக்கால்வாசி வேணுகோபால் கடையிலிருந்து வருவது. எதையும் உடனே உறுதியாகச் சொல்வது என் வழக்கமும் அல்ல.

"கொஞ்சம் கஷ்டம்ங்க" என்றேன்.

முடியாது என்று நான் சொல்லவில்லை. இதைக் கவனிக்க வேண்டும். கஷ்டம் என்றேன். உலகத்தில் எல்லா வேலையும் கஷ்டம்தான்.

'தொழில்நுட்பக் காரணங்களால் அணியில் மாற்றம் செய்ய இயலாது' என்று தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்தவர் ஒருவர். அவர் விஷயம் தெரியாதவர்.

தை மூன்றாம் தேதி, கோட்டை மைதானத்தில் கலசப்பாக்கம் அணியோடு ஆட்டம். கொடி அற்புதமாக வந்திருந்தது. அரக்குப் பட்டில் பதினொரு பெயர்களும் வெயிலில் மின்னின. ஆடாதவர்களுக்கும் வாய்ப்பளிக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், கொடியின் ஒரு கழியை ஜெயவேலிடமும் மறு கழியை என்னிடமும் கொடுத்து மைதானத்தைச் சுற்றி ஓடிவரச் சொன்னார் தலைவர். ஜெயவேல் ஓடினான். நான் இழுபட்டேன்.

பந்தலில் உட்கார்ந்திருந்த நூற்பாலை அதிகாரி நிமிர்ந்தார். "கொடியோட ஓடறானே, யாருங்க அந்தப் பையன்? ஆடுவானா?"

"நம்ம தறியில நெய்யறவன் சார்" என்றார் தலைவர். "கொடியப் பாருங்க. அதுல பேர் இருக்கறவங்கதான் ஆடுவாங்க."

அதிகாரி கொடியை அருகில் வரவழைத்துப் படித்தார். விரலால் தேய்த்துப் பார்த்தார். "நல்ல பட்டு" என்றார். தன் மனைவிக்கு இதே அரக்கில் ஒரு புடவைக்குச் சொல்லிவைத்தார். நூல் அறிந்தவர் அல்லவா.

முதல் பாதியில் சுப்பராயலு அண்ணனை எதிரணியில் ஒருவரும் தடுக்கவில்லை. பயம் என்று ஏகாம்பரம் விளக்கினார். இடைவேளையில் கலசப்பாக்கம் ஒரு கோல் முன்னால் இருந்தது. புஷ்பதந்தன் தலைவரிடம் வந்தார். "இப்பவாவது ஜெயவேலை எறக்குங்க. மாற்று ஆள் போடறதுக்கு விதி இருக்குது."

"விதி இருக்குது சார். கொடியில மாற்று ஆளுன்னு ஒரு வரி இல்லியே" என்றார் தலைவர். "பேரு அங்க நின்னுகினு இருக்கசொல்ல ஆளு எப்படி சார் வெளிய வர்றது?"

ஆட்டம் முழுவதிலும் அண்ணன் பந்தைத் தொட்டது நான்கு முறை. அதில் மூன்று, நடுப்புள்ளியில் வைத்து ஆட்டத்தைத் தொடங்கியது. இரண்டுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் தோற்றோம். அதிகாரி கலசப்பாக்கத்துப் பையன் ஒருவனின் பெயரையும் வயதையும் எழுதிக்கொண்டு, ஜீப்பில் ஏறினார். அந்தப் பையனுக்கு ஓடத் தெரிந்தது. அவன் ஊரில் ஜக்கார்டு இல்லை.

கூட்டம் கலைந்த பின் ஜெயவேலும் நானும் கொடியை மடித்தோம். அவன் முதல் பெயரின் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தான்.

"இந்தப் பேருக்கு எத்தினி அட்டைண்ணா?"

"நாப்பது."

"அந்த நாப்பத அவுத்துட்டு வேற நாப்பது குத்திக் கோக்கறதுக்கு எத்தினி நேரம் ஆவும்?"

அவனிடம் கஷ்டம் என்று சொல்ல முடியவில்லை. "காத்தால உக்காந்தா மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள ஆயிடும்" என்றேன்.

"தெரியும்ணா. நானும் தறிக்காரன்தானே." தன் பக்கத்து முனைகளைக் கொண்டுவந்து என் கையில் சேர்த்தான். "கமிட்டில ஒம்போது பேருக்கும் தெரியும். சுப்பராயலு அண்ணனுக்கும் தெரியும். பத்துப் பேரு. தெரியாதவரு வாத்தியாரு ஒருத்தருதான். அவரு ஒருத்தருதான் எனக்காகக் கேட்டாராம்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முள்ளிப்பட்டுக்கு நடந்தான். காலையில் தறியில் உட்கார வேண்டும்.

அவன் சொன்ன கணக்கை வீட்டுக்கு வந்து சரிபார்த்தேன். ஒரு பிழை இருந்தது. மரியாதைக்காக அவன் ஓர் ஆளை விட்டுவிட்டான். என்னையும் சேர்த்தால் தெரிந்தவர்கள் பதினொரு பேர், சரியாக ஓர் அணி. அந்தப் பருவத்தில் ஆரணியிலிருந்து இறங்கிய அணிகளில், ஒருவர்கூடத் தன் இடத்தை விட்டு நகராமல், ஒரு கேள்வியைக்கூட உள்ளே விடாமல் கடைசிவரை ஆடி ஜெயித்தது அது ஒன்றுதான்.