பந்தலில் கட்டிய புடலங்காய்

வெட்கப்படுகிறவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. நம்பாதீர்கள். பேசத் தெரிந்தவர்கள் வாயால் சொல்வதோடு விட்டுவிடுவார்கள். என்னைப் போல வாய் வராதவர்கள் பந்தல் போட்டுப் பொய் சொல்வோம்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். என் மருமகளின் அம்மா மெட்ராஸில் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுவார். பரீட்சை, மீட்டிங், டிரான்ஸ்ஃபர் என்று அவருக்கு ஆயிரம் விஷயம். நான் "ம்", "சரிங்க", "அப்படீங்களா" மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டு ஒப்பேற்றுவேன். ஒருநாள், "அங்க என்ன விசேஷம் சம்பந்தி?" என்று கேட்டுவிட்டார். பதறிப்போய், "புடலங்காய் காய்ச்சிருக்குங்க" என்றேன்.

அப்போது அது உண்மைதான். பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வயல் அவர் பாடு (அவர் என்றால் என் வீட்டுக்காரர்), கொல்லை என் பாடு. கத்தரியைப் புழுவுக்கும் தக்காளியை மயிலுக்கும் கொடுத்தது போக மிச்சம்தான் எங்களுக்கு. புடலை மட்டும் என்னை ஏமாற்றியதில்லை. பிஞ்சு விரல் நீளம் வந்ததும் நுனியில் சின்னக் கல்லைக் கட்டிவிட்டால் வளையாமல் நேராக இறங்கும். காலையில் பல் விளக்கும்போதே போய் நின்று, ஒரே ராத்திரியில் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பார்ப்பேன். அந்த நேரத்தில் மட்டும் எனக்கு யாரிடமும் வெட்கம் கிடையாது.

சம்பந்தியம்மாவுக்கு இந்தக் கதை பிடித்துப்போயிற்று. வாராவாரம் கேட்டார். எனக்கும் வாய் திறந்துகொண்டது. பத்துக் காய் இருபதாயிற்று. முழ நீளம் ஆள் உயரமாயிற்று.

அப்புறம்தான் வந்தது வினை. என் மகன் வேலை விஷயமாக ஒரு மாதம் சிங்கப்பூர் போகிறானாம். மருமகளுக்கு அஞ்சாம் மாசம். அவளை எங்களிடம் விட்டுப்போக சம்பந்தியம்மாவே வருகிறாராம். இன்னும் பத்து நாள். பந்தலில் இருந்ததோ ஏழே ஏழு பிஞ்சு.

கோமியத்தில் ஒன்றுக்குப் பத்து தண்ணீர் கலந்துதான் ஊற்ற வேண்டும். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் தண்ணீர் கலந்தால் சத்து குறையுமே என்று, ஒரு குடத்தை அப்படியே வேரில் கவிழ்த்தேன். (சத்து குறையவில்லை. கொடிதான் குறைந்தது.) மூன்றே நாளில் முக்கால் பந்தல் தீய்ந்து, பிஞ்செல்லாம் கொட்டிவிட்டது. தள்ளி நட்டிருந்த ஒரு கொடி மட்டும் பச்சையாகத் தப்பித்தது. அதில் பூ இருந்தது, காய் இல்லை.

அவர்கள் வருகிற அன்று விடிந்ததும், "ஏங்க, கடைக்குப் போயி நாலு புடலங்காய் வாங்கிட்டு வாங்க" என்றேன்.

"கூட்டு வைக்கவா?"

"கட்டி விடறதுக்கு."

என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "ஏண்டி, நேத்து வெயில்ல ரொம்ப நேரம் நின்னியா?"

ஆனாலும் வாங்கி வந்தார். (அவருக்கும் சம்பந்தியம்மாவிடம் பயம்தான். காட்டிக்கொள்ள மாட்டார்.) ஸ்டூல் மேல் ஏறி, பச்சைக் கொடியில் வாழைநாரால் ஒவ்வொன்றாகக் கட்டினார். நான் கீழிருந்து நுனிக்கு ஒரு கல் கட்டினேன்.

"காய் இனிமேயா வளரப்போகுது? கல்லு எதுக்குடி?"

"கல்லு இல்லாட்டி நம்ப மாட்டாங்க."

சம்பந்தியம்மா வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நேராகக் கொல்லைக்குப் போனார்.

"அடேயப்பா! மீதிக் காயெல்லாம் எங்க?"

"பறிச்சாச்சுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"அந்தப் பக்கம் ஏன் காஞ்சு கிடக்கு?"

"அது காய்ச்சு ஓய்ஞ்ச கொடிங்க."

இந்த மனுஷனுக்கு இவ்வளவு சரளமாகப் பொய் வரும் என்பது நாற்பது வருஷம் எனக்குத் தெரியாமல் போயிற்று!

சம்பந்தியம்மா கையை நீட்டி ஒரு காயை இழுத்தார். காயோடு நாரும் வந்தது.

"இது என்ன நார்?"

"கனம் தாங்கணும்ல, அதுக்குத்தான்" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஓகோ, மேலயும் கட்டணுமா?" என்று நம்பிவிட்டார். தப்பித்தோம்.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன். அவர் அந்தக் காயை மகள் கையில் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "கடைக் காய்ல என்னென்ன மருந்து அடிக்கிறாங்களோ, போன மாசம் பூரா இவளுக்கு ஒரே வாந்தி. நீங்க இருக்கீங்கன்னுதான் சம்பந்தி தைரியமா விட்டுட்டுப் போறேன். இந்தத் தோட்டத்துக் காயை மட்டும் போடுங்க, போதும்."

மருமகள் அந்தக் காயை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள். "அத்தை, பசிக்குது. இப்பவே கூட்டு வச்சிடலாமா?"

என் வீட்டுக்காரர் தென்னை மரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். இனி பொய் வேண்டுமென்றால் நான்தான் சொல்ல வேண்டும். ஒன்றும் சொல்ல வேண்டாம், சும்மா தலையாட்டினாலே போதும். ஆட்டவும் பார்த்தேன். கழுத்து வரவில்லை.

"அதைக் குடும்மா" என்றேன். "அது நம்ம காய் இல்ல. காலையில கடையில வாங்கிக் கட்டினது."

"எதுக்கு?" என்றார் சம்பந்தியம்மா. ஒரே வார்த்தை. அந்தக் குரலுக்கு எத்தனை பிள்ளைகள் நடுங்கியிருப்பார்களோ!

"நீங்க போன் பண்ணும்போது எனக்குச் சொல்றதுக்கு வேற ஒண்ணும் இல்லீங்க."

அழுகை வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். சம்பந்தியம்மா பந்தலையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதானே பாத்தேன். அதுல ஒண்ணுக்குக் காம்பு கீழ இருக்கு. ஏதோ புது ரகம்னு நினைச்சுட்டேன்."

நிமிர்ந்து பார்த்தேன். நிஜம்தான். அவசரத்தில் என் வீட்டுக்காரர் ஒன்றைத் தலைகீழாகக் கட்டியிருந்தார். நானும் கவனிக்காமல் காம்பிலேயே கல்லைக் கட்டியிருக்கிறேன். மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சம்பந்தியம்மாவும் சிரித்தார், ஆனால் கொஞ்சம் தாமதமாக. அந்தத் தாமதம் இன்றைக்கும் என் நெஞ்சில் குத்துகிறது.

சாயங்காலம் மகளை விட்டுவிட்டுத்தான் போனார். "கீரை இருக்குல்ல சம்பந்தி, அதைப் போடுங்க" என்றார். போவதற்கு முன்னால் தண்டுக்கீரை ஒன்றைப் பிடுங்கி, வேர் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டார். அந்த ஒரு மாதமும் மருமகள் தண்டுக்கீரையும் முருங்கைக்கீரையுமாகச் சாப்பிட்டாள், ஒருநாள்கூட வாந்தி எடுக்கவில்லை.

இப்போது பேத்திக்கு நாலு வயது. இந்தக் கதையைச் சொன்னால்தான் சோறு இறங்கும். போன வாரம் பக்கத்து வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அவர்கள் பாகல் பந்தலில் ஒரு காயை இழுத்து இழுத்துப் பார்த்தாள். அப்புறம் அந்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் நிற்கும்போதே, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்:

"அப்பாயி, இவங்க கட்டல! நிஜமாவே காய்ச்சிருக்கு!"