மிக்கேல் சம்மனசுக்குக் கட்டானா கொடுத்த விவரம்

பிள்ளைப்பாக்கம்,
அக்டோபர் 2.

இயேசுவுக்குப் புகழ், மரியே வாழ்க, மிக்கேல் சம்மனசு நடந்ததைப் பெரிய மனதோடு பார்ப்பாராக.

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் திரு. ரத்தினம் அவர்களுக்கு, தங்கள் தங்கை அமலாவின் கணவன் ஜீவானந்தம் பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நாங்கள் இருவரும் நலம். அவ்விடம் பெங்களூரில் தாங்களும், அக்காவும், மகள் பிரவீனாவும், புதிதாக வந்திறங்கியிருக்கும் பேத்தியும் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். திருவிழா எப்படி நடந்தது என்று தாங்கள் மூன்று முறை போனில் கேட்டும், "சிக்னல் இல்ல மச்சான்" என்று, இயேசுவைத் தெரியாது என்ற பேதுருவைப் போல மூன்று முறையும் சொன்னேன். பொய். சிக்னல் நாலு கோடு முழுசா இருந்தது.

தாங்கள் கிளம்பும்போது கோயில் சாவியைக் கொடுத்து, "மாப்ள, சுரூபத்துக்குப் பெயின்ட் மட்டும் அடிங்க, வேற ஒண்ணையும் தொடாதீங்க" என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெயின்ட்தான் அடித்தேன். ஆனால் ஒரகடம் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் நின்ற கை மச்சான் இது. எதைக் கண்டாலும் ஆட்டிப் பார்க்காமல் விடாது. ரெக்கை விரித்து நிற்கும் நம் மிக்கேல் சம்மனசு சிலை ஓங்கிப் பிடித்திருந்த தகரக் கத்தியை லேசாக ஆட்டினேன். ஆடியது. ஆடுகிறதே என்று இன்னும் கொஞ்சம் ஆட்டினேன். ரெண்டாகப் போய்விட்டது. என் மாமனார், அதாவது தங்கள் அப்பா, ஆசையாகச் செய்து வைத்த கத்தியை நான் ரிஜெக்ட் பண்ணிவிட்டேன். மறுநாள் தேர். கத்தி இல்லாமல் கையை ஓங்கிக்கொண்டு நின்ற சம்மனசு, ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸை நிறுத்துகிறவர் போல இருந்தார்.

அப்போது தேருக்கு சீரியல் லைட் போட வந்த டில்லிபாபு, "இன்னா சார், வூட்ல மூணு ஜப்பான் கத்திய மாட்டி வச்சிக்கினு இங்க வந்து முழிச்சிக்கினு கீற?" என்றான். என் கத்திகளைப் பற்றித் தங்களுக்குத் தெரியும். ரிட்டயர்மென்ட் அன்றைக்கு ஜப்பான் மேனேஜர் ஒன்று கொடுத்தார், அதற்குத் துணையாக நான் ரெண்டு வாங்கினேன், மூன்றும் அலங்காரக் கத்தி, கூர் கிடையாது, வெண்டைக்காய்கூட வெட்டாது. நான் ஒரு கலெக்டர் என்று தெருவில் ஒருமுறை சொல்லப்போக, மறுநாள் காலையில் ரெண்டு பேர் பட்டா மாற்றத்துக்கு மனுவோடு வாசலில் நின்றதும் தங்களுக்குத் தெரியும். சரி, சம்மனசுக்குத்தானே என்று மூன்றையும் துணியில் சுற்றிக் கோயிலுக்கு எடுத்துப் போனேன்.

மரியாயின் சேனைத் தலைவி லூர்தம்மாள் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார், ஏதோ பெண் பார்க்க வந்த மாதிரி. முதலில் மேனேஜர் கொடுத்த குட்டைக் கத்தியை வைத்துப் பார்த்தோம். "வெங்காயம் நறுக்கப் போறாரா?" என்றார். ரெண்டாவது, ஆன்லைனில் வாங்கிய ஸ்டெயின்லெஸ் கத்தி, பளபளவென்று இருக்கும், கைப்பிடியிலிருந்து உறை வரைக்கும் டிராகன். லூர்தம்மாள் எழுந்தே விட்டார். "ஏம்பா, சம்மனசு கால்ல போட்டு மிதிக்கிறதே அத்தத்தான், கையிலயும் அத்தயே குடுக்கிறியா?" நியாயம்தான். அதோடு விட்டிருக்கலாம். டில்லிபாபு "நான் ஒரு வாட்டி சுத்திப் பாக்கறேன் சார்" என்று வாங்கி ஒரே சுற்று. மச்சான், கத்தி வாங்குகிறவன் முதலில் பார்க்க வேண்டியது பளபளப்பை அல்ல, அலகின் வால் கைப்பிடிக்குள் கடைசி வரைக்கும் போகிறதா என்பதைத்தான். இதை நான் ரெண்டாவது கத்தி வாங்கின பிறகு படித்தேன். கைப்பிடி டில்லிபாபு கையிலேயே இருந்தது. அலகு பறந்து போய் திருவிழா பேனரில் குத்தி நின்றது. பேனரில் ஏகப்பட்ட இடம் காலியாக இருந்தும் தங்கள் போட்டோவில்தான் நின்றது. நெற்றியில் இல்லை, பயப்பட வேண்டாம், காதுக்குப் பக்கம்.

மிச்சம் இருந்தது மூணாவது, கட்டானா, ஜப்பான் வீரங்களோட நீட்டு வாள். என் கண்ணு மச்சான் அது. கார்பன் ஸ்டீல், வால் முழுசா உள்ள போவும், ரெண்டு மூங்கில் ஆணி, அலகுல அலை அடிக்கிற மாதிரி ஒரு கோடு ஓடும். வெறுங்கையால அலகைத் தொட மாட்டேன், விரல் பட்டா அந்த இடத்துல துரு. மாசம் ஒருவாட்டி பழைய எண்ணெயைத் துடைச்சு, வெள்ளைப் பொடி முடிச்சால தட்டி, மெல்லிசுக் காகிதத்தால எடுத்து, கிராம்பு வாசனை எண்ணெயைப் புதுசா ஒரு சொட்டு தடவுவேன். அந்த நேரத்துல மூச்சுக்காத்து படக்கூடாதுன்னு ஒரு காகிதத்தை மடிச்சு உதட்டுல கவ்விப்பேன், ஜப்பான்காரங்க வழக்கம். தங்கள் தங்கை அப்போதான் வேணும்னே மளிகை லிஸ்ட் கேட்பாள். அந்தக் கத்தியைக் கொடுக்க மனசு வரலை. அமலா என்னையே பார்த்தாள். "என்னோட பேசறதவிட அதோடதான் அதிகமா பேசற. ஒரு நாள் சாமிக்குக் குடுத்தா இன்னா, கரைஞ்சா பூடும்?" கொடுத்துட்டேன். நாலு கேபிள் டை போட்டு சம்மனசு மணிக்கட்டுல கட்டி, டை தெரியாம இருக்க அது மேல தங்கப் பெயின்ட் அடிச்சேன். சத்தியமா சொல்றேன், பழைய தகரத்துல சம்மனசு காவல்காரர் மாதிரி இருந்தாரு. இதுல தளபதி.

தேர் கிளம்பிச்சு. பேண்டு, வாணம், ஜெபமாலை எல்லாம் ஜோர். முதல் முனை திரும்பினதும் ஜனங்க நேர்ச்சையா உப்பும் மிளகும் தேர் மேல வாரி வீச ஆரம்பிச்சாங்க. வருஷா வருஷம் வீசறதுதான், நானும் வீசினவன்தான், ஆனா இந்த வருஷம் ஒவ்வொரு கல்லுப்பும் என் நெஞ்சு மேல விழுந்துச்சு. கார்பன் ஸ்டீல்ல உப்பு, மச்சான்! நான் இன்னா பண்றேன்னு எனக்கே தெரியல. எண்ணெய் சீசா, பொடி முடிச்சு, துணி, எல்லாத்தையும் இடுப்புல சொருவிக்கினு தேர் மேல ஏறிட்டேன். பழக்கதோஷம், காகிதத்தை வாயில கவ்வினேன். அதான் நான் பண்ண தப்பு. வாயைத் திறந்து "உப்பு போடாதீங்க"ன்னு கத்த முடியல. ஃபாதர் மைக்குல "ஜீவானந்தம் சார், என்ன பண்றீங்க?" ன்னு கேட்கிறார், நான் "ம்ம், ம்ம்" ங்கிறேன். லூர்தம்மாள் மைக்கைப் பிடுங்கி, "சகோதரர் மௌன நேர்ச்சை எடுத்துக்கீறார், யாரும் பேச்சு குடுக்காதீங்க" ன்னு அறிவிச்சுட்டாங்க. அவ்ளோதான். நான் துடைக்கத் துடைக்க ஜனங்க பக்தியில இன்னும் ரெண்டு கை உப்பு. ஒரு அம்மா கைக்குழந்தையை மேல நீட்டினாங்க. அவசரத்துல அது நெத்தியிலயும் எண்ணெய் தடவி, பொடி தட்டிட்டேன். உடனே ஏழெட்டுக் குழந்தைங்க வரிசையில வந்துடுச்சு. எல்லாத்துக்கும் தட்டினேன், வேற வழி?

மெயின் ரோடு வந்தோம். ஷிஃப்ட் விடற நேரம், கம்பெனி பஸ்ஸுங்க வரிசையா நிக்குது, நடுவுல ஒரு கார். அதுலேர்ந்து ரெண்டு ஜப்பான்காரங்க இறங்கினாங்க, கூட மொழிபெயர்க்கிற பொண்ணு ரஞ்சனி. பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். ரெக்கை வச்ச ஒருத்தர் கையில கட்டானா. பக்கத்துல உதட்டுல காகிதம் கவ்விக்கினு எண்ணெய் போட்டுக்கினு நான். அந்த மனுஷன் அப்படியே இடுப்பு மடிஞ்சு குனிஞ்சு வணங்கினார். ஜப்பான்காரரே சம்மனசை வணங்கறார்னு நம்ம ஜனம் மொத்தமும் குனிஞ்சுச்சு. பேண்டு வாசிக்கிறவனும் குனிஞ்சதால பேண்டு நின்னுபோச்சு. பஸ் டிரைவர் ஒருத்தர் ஸ்டியரிங் மேலேயே குனிஞ்சு ஆரன் அடிச்சுட்டார். ரஞ்சனி கீழேர்ந்து கத்திச்சு: "அங்கிள், இவ்ளோ ஒழுங்கா பராமரிக்கிறவரை அவங்க ஊர்லயே கொஞ்சம் பேரத்தான் பாத்துருக்காராம்!" எனக்குக் கண்ணு நிறைஞ்சுபோச்சு. இருபத்திரண்டு வருஷத்துல அந்தக் கம்பெனியில ஒருத்தரும் எங்கிட்ட அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்ல.

அந்தச் சந்தோஷத்துலதான் கேபிள் டை ஒண்ணு பட்டுன்னு அறுந்துச்சு. கத்தி ஒரு கிலோவுக்கு மேல, சம்மனசு கை சுண்ணாம்பு. கை மெல்ல இறங்குது. நான் பாய்ஞ்சு பிடிச்சேன். வேதாகமத்துல மோயீசன் கையை ஆரோனும் ஊர்ங்கிறவரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கின மாதிரி, ஆனா எனக்கு ஆரோனும் இல்ல, ஊரும் இல்ல, நான் ஒரே ஆளு. மிச்ச தூரம் முழுக்க சம்மனசு கையைத் தூக்கிப் பிடிச்சுக்கினே வந்தேன். தோள் இன்னும் இறங்கலை. வீட்டுக்கு வந்ததும் அமலா வெந்நீர் ஒத்தடம் குடுத்தாள். சிரிச்சுக்கினேதான் குடுத்தாள், ஆனா குடுத்தாள்.

மறுநாள் கத்தியை எடுத்து வரப் போனேன். வாசல்ல அந்தக் கைக்குழந்தையோட அம்மா. மூணு வாரமா ஓயாம அழுத குழந்தை அன்னிக்குத்தான் அசந்து தூங்குச்சாம். கிராம்பு வாசனையா, பொடியா, சம்மனசா, எனக்குத் தெரியாது. கத்தியைச் சுத்தி மல்லிப்பூ. ஈரம் மச்சான், மல்லிப்பூ ஈரம்! ஃபாதர் நல்லவர், "உங்க பொருள், எடுத்துக்குங்க" ன்னார். கையை நீட்டினேன். நாப்பது பேர் பார்த்துக்கினு இருந்தாங்க. கைப்பிடி வரைக்கும் போன கை, பூவைச் சரிபண்ணிட்டுத் திரும்பிடுச்சு. "இது இனிமே சம்மனசோடது" ன்னு என் வாயிலேர்ந்தே வந்துச்சு.

ஆகவே மச்சான், தங்கள் அப்பாவின் கத்தியை உடைத்ததற்கும், தங்கள் காதுக்குப் பக்கம் ஓட்டை போட்டதற்கும் என்னை மன்னிக்க வேண்டும். கத்தி ஆசையை நான் அடியோடு விட்டுவிட்டேன். கொடுத்ததில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. கோயில் பக்கம்கூடப் போகவில்லை. மனசு பஞ்சு போல இருக்கிறது. பேத்திக்கு என் முத்தங்கள். பிரவீனாவை நன்றாகச் சாப்பிடச் சொல்லவும். அக்காவுக்கு என் ஸ்தோத்திரம். பரலோகத்திலிருந்து எல்லா நன்மையும் தங்கள் குடும்பத்தின் மேல் இறங்கட்டும், உப்பு தவிர.

தங்கள் கீழ்ப்படிந்த மாப்பிள்ளை,
ஜீவானந்தம்.

பி.கு.: அண்ணா, நான் அமலா எழுதறேன். போஸ்ட் பண்ணச் சொல்லி எங்கையில குடுத்தாரு, பிரிச்சுப் படிச்சேன். கத்தி ஆசைய வுட்டேன், வருத்தமில்லன்னு எழுதிகீறாரே, அவ்ளோவும் புளுகு. ரெண்டு நாளு சோறு எறங்கல அவருக்கு. முப்பது வருஷமா கல்யாணத்துக்கும் சாவுக்கும் தவிர பூசைக்குன்னு கோயில் வாசல மிதிக்காத மனுசன், இப்ப தெனம் காலம்பற அஞ்சரை பூசைக்கு மொத ஆளா நிக்கிறாரு. முன் பெஞ்சு. கண்ணு பீடத்து மேல இல்ல, கத்தி மேல. பூச முடிஞ்சதும் வாயில காயிதத்த கவ்விக்கினு அத்த தொடச்சிட்டுதான் வூட்டுக்கு வராரு. நேத்து பாவசங்கீர்த்தனம் கூட பண்ணாரு, இன்னா சொன்னாரோ, ஃபாதர் உள்ள சிரிச்ச சத்தம் வெளிய கேட்டுச்சு. நம்ம அம்மா சாவற வரைக்கும் வேண்டிக்கினு இருந்தது இதுக்குத்தான். நீ வந்து பெரிய மனசு பண்றேன்னு அந்தக் கத்திய மட்டும் அவருகிட்ட திருப்பிக் குடுத்துடாத.