அத்தை குரலில் ஒரு பியானோ

கம்ப்யூட்டர் ஏதாவது கேள்வி கேட்டால், அதைப் படித்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறவர்கள் உலகத்தில் மிகவும் குறைவு. மற்றவர்கள் எல்லாம் 'ஓகே' எங்கே இருக்கிறது என்று தேடி அழுத்துகிறவர்கள். நான் இரண்டாவது ரகம். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கிறவன் என்பதால், படிக்காமல் அழுத்துவதற்கு ஒரு தனித் தெனாவட்டும் உண்டு.

தங்கை கோமதிக்கு நிச்சயதார்த்தம் முடிவானபோது, மோதிரம் மாற்றும் நேரத்தில் நான் பியானோ வாசிப்பதாக வீட்டில் அறிவித்தேன். (யாரும் கேட்கவில்லை.) என்னிடம் இருந்தது ஒரு சின்ன கீபோர்டு. அதற்குச் சொந்தக் குரல் கிடையாது. லேப்டாப்பில் சொருகினால்தான் சத்தம் வரும். யாரோ ஒரு புண்ணியவான் நிஜப் பியானோவின் ஒவ்வொரு கட்டையையும் மெதுவாகவும் ஓங்கியும் அடித்து, எல்லாவற்றையும் பதிவு செய்து ஒரு மூட்டையாகக் கட்டி இணையத்தில் வைத்திருந்தான். அதை லேப்டாப்பில் ஏற்றிவிட்டால், நாம் எந்தக் கட்டையைத் தொடுகிறோமோ அந்தப் பதிவு ஒலிக்கும்.

அந்த மூட்டை டவுன்லோடு ஆகிற வரைக்கும் வீட்டில் ஒருத்தரும் நெட்டைத் தொட முடியவில்லை.

"ஏலே, சீரியல் சுத்திக்கிட்டே இருக்கு. அப்படி என்னத்தல இறக்குத?" என்றாள் அம்மா.

"பியானோம்மா."

"பியானோவ லாரியிலல்லா இறக்குவாங்க?"

லேப்டாப்பில் இடம் போதாமல், தனியாக ஒரு ஹார்ட் டிஸ்கில் அதை வைத்தேன். வீட்டில் வாசித்துப் பார்த்தேன். அடடா! கண்ணை மூடிக்கொண்டால் நான் சங்கரன்கோவிலிலேயே இல்லை.

நிச்சயதார்த்தத்தன்று மண்டபத்துக்கு லேப்டாப், கீபோர்டு, கால் பெடல், வயர்கள், கோட்டு (ஆமாம், கோட்டு) எல்லாம் கொண்டுபோனேன். ஹார்ட் டிஸ்க் மட்டும் வீட்டில் ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. மென்பொருளைத் திறந்தேன். ஒலிப்பதிவுகளைக் காணவில்லை என்று சிவப்பில் எழுதிக் காட்டியது. அந்த நேரம் பார்த்து சிவகிரியிலிருந்து மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றது.

மூளை வேலை செய்யவில்லை, விரல்கள் செய்தன. லேப்டாப்புக்குள் துழாவியதில் 'ஆடியோ' என்றொரு ஃபோல்டர் கிடைத்தது. எப்போதோ பியானோவுக்கு ஒரு நகல் எடுத்து வைத்திருக்கிறேன் போல, என்ன முன்யோசனை எனக்கு! அப்படியே இழுத்து உள்ளே போட்டேன். இந்த ஃபைல்களில் சுரத்தின் பெயர் இல்லை, நானே கட்டைகளுக்குப் பிரித்துக் கொடுக்கவா என்பதுபோல மென்பொருள் ஏதோ கேட்டது. ஓகே. சிவப்பு போய்ப் பச்சை வந்தது.

ஒரு கட்டையை அழுத்தினேன். சத்தமே இல்லை.

மைக் செட் அண்ணாச்சியைப் பார்த்தேன். "தம்பி, எம்பக்கம் ஃபுல்லா தெறந்து வச்சிருக்கேன். ஒங்க பக்கத்துலதான் கோளாறு. பாருங்க, நான் சாப்ட்டுட்டு வாரேன்" என்று அவர் பந்திக்குப் போய்விட்டார்.

கோளாறைக் கண்டுபிடித்தேன். சத்தம் வேறு வழியாகப் போகும்படி செட்டிங்கில் இருந்தது. மாற்றினேன். சரிபார்க்கலாம் என்று விரலைத் தூக்குவதற்குள், மேடையிலிருந்து அப்பா கையைக் காட்டினார். மோதிரம் மாற்றப்போகிறார்கள். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தினேன்.

ஸ்பீக்கரில் யாரோ இருமினார்கள். கூடவே ஒரு பெண்குரல், "நல்லா இருங்க மக்கா" என்றது. மூன்றாவதாக, என் அப்பாவின் அக்கா, திருவேங்கடத்தில் இருக்கும் ராமலட்சுமி அத்தை, மண்டபமே அதிர ஆரம்பித்தாள்:

"தம்பி, நான் சொல்லுதேன்னு தப்பா எடுத்துக்கிடாத..."

நான் எந்த ஃபோல்டரை இழுத்துப் போட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. சொந்தக்காரர்களின் வாழ்த்துகளைத் தொகுத்து வீடியோ போடலாம் என்று, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த குரல் செய்திகளை ஒட்டுமொத்தமாக எடுத்து வைத்த ஃபோல்டர் அது. வாழ்த்தும் இருந்தது, வாழ்த்து அல்லாததும் இருந்தது.

விரலை எடுத்தேன். அத்தை நிற்கவில்லை. கால் பெடலைத் தாமதமாகச் சொருகியதால் அது தலைகீழாக வேலை செய்துகொண்டிருந்தது. காலை எடுத்தால் சத்தம் நீளும். அது எனக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. பதறிப்போய் மற்ற கட்டைகளை அழுத்தினேன். ஒரே பதிவை மென்பொருள் பல கட்டைகளுக்குப் பங்கு வைத்திருந்தது. மேலே அழுத்தினால் அத்தை குருவி மாதிரி கீச்சிட்டாள். கீழே அழுத்தினால் வில்லன் மாதிரி உறுமினாள். மூன்று அத்தைகளும் முன்னே பின்னே பேசிக்கொண்டிருக்க, நடு அத்தை மட்டும் தெளிவாகச் சொன்னாள்:

"மாப்ள லெட்சணமாத்தான் இருக்கான். ஆனா அந்த முடி மேலதான் எனக்குச் சந்தேகம். அவங்க அனுப்புன வீடியோவுல பாரு. காத்துல அவங்க அம்மை முடி பறக்கு, அவங்க அப்பா வேட்டி பறக்கு, இவன் முடி மட்டும் அசைய மாட்டேங்கு..."

லேப்டாப்பைப் படாரென்று மூடினேன். மூடினாலும் ஓடவேண்டும் என்று நானே செட்டிங் போட்டு வைத்திருந்தேன். கடைசியில் கோமதிதான் பட்டுச்சேலையோடு மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்து வயரைப் பிடுங்கினாள். பெரிய ஸ்பீக்கர் அடங்கியது. மூடிய லேப்டாப்புக்குள்ளிருந்து அத்தை மெல்லிய குரலில், "நல்லா விசாரிச்சுக்கோ" என்று முடித்தாள்.

முன்வரிசையில் அத்தை வாயில் போட்ட வெற்றிலையை மெல்லாமல் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். "கூட்டி வச்சு அவமானப்படுத்துதீகளோ? ஏங்க, கெளம்புங்க" என்று கணவரைப் பார்த்தார். அப்பா கையைப் பிசைந்தார். அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் கோட்டுக்குள்ளேயே புகுந்து மறைந்திருக்கவேண்டும்.

அப்போது மாப்பிள்ளை கார்த்திக் மைக்கை எடுத்தார்.

"அம்மா, உக்காருங்க. அத்தை சொன்னது சரிதான்."

சொல்லிவிட்டு, காதுக்கு மேலே கையை விட்டு டக், டக்கென்று கிளிப்புகளைக் கழற்றினார். முடி மொத்தமும் கையோடு வந்தது. சின்னப் பூனைக்குட்டியை வைப்பதுபோல அதைப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். கூட்டத்தில் யாரோ "ஆத்தீ" என்றார்கள். அவர் அம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"நிச்சயம் முடியட்டும், அப்பறம் சொல்லிக்கிடலாம்னு அம்மாதான் சொன்னாங்க. ஆனா கோமதிட்ட மொதல்லயே சொல்லிட்டேன்."

எல்லாத் தலைகளும் கோமதி பக்கம் திரும்பின. அவள் கையில் இன்னும் என் வயர் இருந்தது.

"பொண்ணு பாத்துட்டுப் போன மறுநாளே போன்ல சொல்லிட்டாங்க. நான்தான், அதுக்கென்னன்னு யார்ட்டயும் சொல்லல" என்றாள்.

எங்கள் அப்பாவுக்குக் கல்யாணமான புதிதிலேயே தலை பளபளவென்று ஆகிவிட்டது. அவர் தன் மண்டையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு சம்பந்தியம்மாளிடம் போனார். "இதப் போயா மறைச்சீக? அப்படிப் பாத்தா நான் எங்க வீட்லயே இருக்கமுடியாதே" என்றார். முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அப்பா. அப்புறம் அந்த அம்மாவும் முந்தானைக்குள்ளிருந்தே குலுங்கினார்.

அத்தை வெற்றிலையை மெல்லத் தொடங்கினாள். "நான் அப்பவே சொன்னேம்லா" என்றாள்.

மோதிரம் மாற்றினார்கள். பியானோ இல்லாமல்.

அன்றைக்கு எடுத்த ஆல்பம் தங்கை வீட்டில் இருக்கிறது. முன்பாதிப் படங்களில் கோமதி பக்கத்தில் அடர்த்தியான சுருள்முடியோடு ஒருவர் நிற்கிறார். பின்பாதியில் வேறொருவர் சிரிக்கிறார். தங்கை மகள் அதைப் புரட்டும்போதெல்லாம் முன்பாதியில் விரலை வைத்து, "இது யாரு?" என்று கேட்கிறாள்.

"ஏட்டி, அது பியானோவுக்கு முந்தின அப்பா" என்று பதில் சொல்கிறாள் கோமதி.