செக்போஸ்ட்டுக்கு எந்தப் பக்கம்?

"அந்தப் பக்கத்துக் கார்டை ஒப்படைச்சதுக்குச் சான்று கொண்டாந்தாத்தான் இந்தப் பக்கம் கார்டு" என்று ஓசூர் தாலுகா ஆபீஸ் கிளார்க் பரமசிவம் மூன்றாவது முறையாகச் சொன்னபோது, மேசையைக் கவிழ்த்துவிடலாமா என்று வந்தது கௌஸ் பாஷாவுக்கு. கவிழ்க்கவில்லை. மேசை மேல் அவருடைய மனுவும் இருந்தது.

அவர் அப்படி என்ன ராஜ்யத்தையா கேட்டுவிட்டார்? மாதாமாதம் மண்ணெண்ணெய் கேட்டார். பத்து வருடம் அத்திப்பள்ளியில் இருந்தவர், ஓசூர் சிப்காட்டில் லேத் வேலை கிடைத்ததென்று குடும்பத்தோடு இந்தப் பக்கம் வந்து எட்டு மாதம் ஆகிறது. பஸ்ஸில் அரை மணி நேரம். நடுவில் ஒரு செக்போஸ்ட். அதைத் தாண்டியதும் அவருடைய கர்நாடக ரேஷன் கார்டு வெறும் அட்டை. அங்கே போய் எண்ணெய் வாங்கி வரலாமென்றால், கேனைப் பார்த்ததும் கண்டக்டர் ஏற்ற மாட்டான். சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தால் செக்போஸ்ட்டில் பிடுங்கிக்கொள்வார்கள்.

வீட்டில் சுக்ரா ஏழு மாதக் கர்ப்பிணி. ஸ்டவ் பரணில் ஏறிவிட்டது. ஈர விறகை ஊதி ஊதி அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. பிள்ளை பிறப்பதற்குள் இந்தப் புகையை நிறுத்தியாக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"சார், நான் பொறந்ததே பர்கூரு சார். தமிழ்நாட்டுக்காரன்."

"நீங்க பர்கூர்ல பொறந்தீங்க, சரி. கார்டு அங்கல்ல பொறந்திருக்கு?"

ஆனால் பரமசிவம் கெட்டவர் இல்லை. மற்ற கிளார்க்குகள் தலையே நிமிர மாட்டார்கள். இவர் உட்காரச் சொல்லிக் கேட்டார். சட்டையில் மட்டும் எப்போதும் ஒரு புகை வாடை. பீடி போலிருக்கிறது என்று பாஷா நினைத்துக்கொண்டார்.

"போயிட்டு வாங்க பாய். அங்க என்ன சொன்னாங்கன்னு ஒரு வார்த்தை விடாம எங்கிட்ட வந்து சொல்லணும்."

பாஷா ஷிப்டு மாற்றிக்கொண்டு அந்தப் பக்கத்து ஆபீசுக்குப் போனார். அங்கிருந்த அதிகாரி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"அல்லி ஹொஸ கார்டு ஆய்த்தா? தோர்சி. ஆமேலே இல்லி கேன்சல்."

அதாவது, அங்கே புதுக் கார்டு வாங்கிக் காட்டினால்தான் இங்கே பழசை ரத்து செய்வார்களாம். திரும்பி வந்து பரமசிவத்திடம் அப்படியே ஒப்பித்தார். அவர் மேசை டிராயரைத் திறந்து, பழுப்பு அட்டை போட்ட நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

"அப்ப இது ஆகாது. நோட்டரிகிட்டப் போயி, எனக்கு எங்கயும் கார்டு இல்லன்னு ஒரு அஃபிடவிட் வாங்குங்க."

வாங்கிக் கொடுத்தார். வீட்டு விசாரணைக்கு ரேஷன் இன்ஸ்பெக்டர் வந்த நேரம் பாஷா பேக்டரியில். சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் சுக்ரா உற்சாகமாக இருந்தாள்.

"ஏங்க, ஆபீசர் வந்தாரு! பழைய கார்டு இருக்காம்மான்னு கேட்டாரு. டிரங்குப் பெட்டியில இருந்து எடுத்தே காட்டிட்டேன். எவ்ளோ பத்திரமா வெச்சிருக்கீங்கன்னு மெச்சிட்டுப் போறாரு."

"யா அல்லா! யாரைக் கேட்டுக் காட்டின?"

"இருக்கறதைத்தானே காட்டினேன்? இதுக்கு ஏன் கத்துறீங்க?" என்று சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. பாஷா கோபத்தை விட்டுவிட்டுத் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தார்.

மனு தள்ளுபடி. பரமசிவம் நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கார்டு தொலைஞ்சு போச்சுன்னு போலீஸ்ல எழுதி வாங்குங்க பாய். தொலைஞ்ச கார்டை யாரு ஒப்படைக்கச் சொல்ல முடியும்?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஸ்டேஷனில் ஏட்டய்யா பேனாவைத் திறந்தார்.

"எங்க தொலைச்சீங்க?"

"பஸ்ல சார்."

"பஸ்ஸு அப்ப செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

பாஷா "அந்தப் பக்கம்" என்று உளறினார்.

"அப்ப இங்க எதுக்கு வந்தீங்க?" ஏட்டய்யா பேனாவை மூடினார்.

அந்தப் பக்கத்து ஸ்டேஷனில் இரண்டு நாள் அலைந்து சான்று வாங்கி, அந்த அதிகாரியிடமே கொண்டுபோய்க் காட்டினார். கார்டு இல்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்று கெஞ்சினார். அதிகாரிக்கு மனம் இளகிவிட்டது.

"அய்யோ பாப!" என்றவர், பாஷா வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்ட ஆட்ட, ஒரே வாரத்தில் சீல் குத்தி டூப்ளிகேட் கார்டு கொடுத்துவிட்டார். இத்தனை மாதத்தில் அந்த ஆபீசில் சுறுசுறுப்பாக நடந்த வேலை அது ஒன்றுதான்.

இப்போது பாஷாவிடம் இரண்டு கர்நாடகக் கார்டு. தமிழ்நாட்டுக் கார்டு ஒன்றுகூட இல்லை.

சுக்ரா இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒண்ணைப் போட்டு அடுப்பப் பத்த வெச்சுக்கட்டுமா? காஞ்சு கெடக்கு" என்று கேட்டாள்.

மறுநாள் பாஷா இரண்டு கார்டையும் பரமசிவத்தின் மேசையில் விசிறி எறிந்தார்.

"நீங்க சொன்ன வழியெல்லாம் போயாச்சு சார்! உங்களுக்கு நான் என்ன பாவம் செஞ்சேன்? எம் பொண்டாட்டி புகையில கெடந்து சாவுறா!"

பரமசிவம் கோபப்படவில்லை. கார்டுகளை எடுத்துப் பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று. நோட்டைத் திறந்து ஒரு வரியைக் குறுக்கே அடித்தார்.

"தொலைஞ்ச வழியும் போச்சா..." என்று எழவு வீட்டில் போலப் பெருமூச்சு விட்டார். பிறகு நிமிர்ந்தார். "பாய், இன்னும் ஒரு வழி இருக்கு. உங்க சம்சாரம் பேர்ல தனியா—"

"அதை நீங்களே போயிப் பாருங்க!"

பாஷா கார்டுகளைப் பிடுங்கிக்கொண்டு விடுவிடென்று வராந்தாவுக்கு வந்தார். பியூன் சென்னப்பன் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார். பாஷா மடமடவென்று குடித்தார்.

"எந்தப் பிறவிப் பகைங்க இந்தாளுக்கு எம்மேல?"

சென்னப்பன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் காதோரம் குனிந்தார்.

"அவரை வையாதீங்க பாய். அவரும் அத்திப்பள்ளியில குடியிருந்துட்டு இந்தப் பக்கம் மாறி வந்தவருதான். மூணு வருசமா கார்டு இல்ல, வீட்ல ஈர விறகு. உங்களுக்கு எந்த வழி தெறக்குதோ அதுல மனுப் போடலாம்னுதான் உங்களை முன்னால விட்டுப் பாத்துட்டு இருக்காரு."