பன்னெண்டு மணி வரைக்கும் பொறுங்க

"வெள்ளிக்கிழமையா? பத்தரைக்கா? பத்தரைக்கு ராகுகாலம்லா ஆரம்பிக்கு!"

அடுப்படியிலிருந்து ஜெயபிரியா இப்படிச் சொன்னதும், தோசையை வாய்க்குக் கொண்டுபோன முத்துராஜின் கை பாதி வழியில் நின்றது.

"யாருட்டி சொன்னது?"

"காலண்டர் சொல்லுது. பத்தரைலேருந்து பன்னெண்டு. பன்னெண்டு மணி வரைக்கும் பொறுங்க. அதுக்கு மேல என்ன வேணும்னாலும் பண்ணுங்க."

பொறுக்கிற விஷயமா இது? நான்கு மாதமாக மனுஷன் சோறு தண்ணி இறங்காமல் காத்திருக்கிறார். புதிதாக வரப்போகும் அந்த மின்சாரக் காருக்கான புக்கிங் இன்றைக்குக் காலையில்தான் செல்போனில் திறக்கிறது. முதல் தவணையில் தென்காசிக்கு ஒரே ஒரு வண்டி. யார் முந்துகிறாரோ அவருக்கு அது. கலர், சீட்டுத் துணி, சக்கரம், மேலே கண்ணாடிக் கூரை எல்லாம் அவர் இஷ்டப்படி செய்து தருவார்கள். பிந்தினவர்கள் ஆறேழு மாதம் கழித்து, கம்பெனி கொடுக்கிற கலரை வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

"பெங்களூர்ல உக்காந்து நேரம் குறிச்சவனுக்கு ராகுவாவது, கேதுவாவது!"

"அவனுக்கு இல்ல. நமக்கு இருக்குல்லா."

"பன்னெண்டு வரைக்கும் பொறுத்தா விஜய்பாண்டி முந்திருவான்ட்டி!"

வயிற்றெரிச்சலின் பெயர் அதுதான். விஜய்பாண்டி கீழப்பாவூரில் இருக்கும் சகலை. ஜெயபிரியாவின் தங்கை நிவேதாவின் வீட்டுக்காரன். குடும்பத்தில் முதல் ஏ.சி. அவன் வீட்டில்தான் ஓடியது. சுவர் அகலத்துக்கு முதல் டி.வி. அவன் வீட்டில்தான் தொங்கியது. முத்துராஜ் எதை வாங்கி வைத்தாலும், வருகிற விருந்தாளி தடவிப் பார்த்துவிட்டு, "விஜய்பாண்டி வச்சிருக்கானே, அந்த மாரியா?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியைக் கேட்டுக் கேட்டே முத்துராஜுக்கு முன்மண்டை முடி போய்விட்டது.

இந்தத் தடவை விடுவதில்லை. போன மாதம் விஜய்பாண்டி வீட்டுக் காதுகுத்தில், பந்தியில் அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று, "தென்காசில மொத வண்டி என் வாசல்லதான் நிக்கும்" என்று சபதம் போட்டுவிட்டு வந்திருக்கிறார். கார் வருவதற்கு முன்னாலேயே சார்ஜ் ஏற்றும் பெட்டியைச் சுவரில் மாட்டியாயிற்று. போகிறவர் வருகிறவரெல்லாம் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "கார் எங்க அண்ணாச்சி?" என்று விசாரிக்கிறார்கள். இன்றைக்குப் பிந்தினால் தெருவில் தலைகாட்ட முடியாது.

"நிவேதாகிட்டயும் ராகுகாலத்தச் சொல்லிட்டேன். அவ வீட்டுக்காரரப் போனத் தொட விட மாட்டா. பயப்படாதிய" என்றாள் ஜெயபிரியா.

"அவன் பொண்டாட்டி பேச்சக் கேக்குதவனா?"

"எல்லாரும் உங்கள மாரி இருப்பாங்களா? ஆமா, வண்டி வந்தா நானும் ஓட்டுவேன்லா? லைசன்ஸ் எடுத்து மூணு வருசமாச்சு."

"நீ எதுக்கு ஓட்டணும்? பின்னால மகாராணி மாரி உக்காந்து வா."

ஜெயபிரியா தோசையைக் கொஞ்சம் சத்தமாகத் திருப்பிப் போட்டாள்.

பத்து மணிக்கு முத்துராஜுக்கு மின்னலாக ஒரு யோசனை. கெட்ட நேரத்தில் பயணம் போக வேண்டியிருந்தால், நல்ல நேரத்திலேயே துணிப்பையைக் கொண்டுபோய் அடுத்த வீட்டில் வைத்துவிடுவார்கள். பை கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பின கணக்கு. அதற்குப் பரஸ்தானம் என்று பேர்.

"ஏட்டி, பரஸ்தானம் வச்சிருவோமா? இப்பவே கலரு, சீட்டு எல்லாத்தையும் போன்ல எடுத்து வச்சிருதேன். நல்ல நேரத்துல ஆரம்பிச்ச கணக்கு. பத்தரைக்கு மிச்சத்த அமுக்கிருவேன். எப்பிடி?"

ஜெயபிரியா ஒரு நிமிஷம் யோசித்தாள். "அப்ப சீக்கிரம் எடுங்க. பத்தரை ஆயிட்டா விட மாட்டேன்."

சீக்கிரம் எடுக்கிற ஆளா அவர்? கூலக்கடை பஜாரில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர். வாடிக்கையாளர் கேட்கிற கலரை மிஷினில் கலந்து, மூடி போட்டு, குலுக்கிக் கொடுக்கிற கை. அந்தக் கைக்கு ஐந்து கலரில் ஒன்றை எடுக்க முடியவில்லை. கருப்பைத் தொட்டார். வெயிலில் கொதிக்குமே என்று வெள்ளைக்குப் போனார். வெள்ளை விஜய்பாண்டியின் கலர். திரும்பவும் கருப்பு.

"பச்சைல எடுங்களேன். கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும்."

"பச்சையா? வயக்காட்டுப் பக்கம் நிறுத்துனா வண்டி எங்கனன்னு தேடணும்."

அப்புறம் சீட்டுத் துணி. அப்புறம் சக்கரம். கூரைக்குக் கண்ணாடி வேண்டுமா வேண்டாமா, வைத்தால் குரங்கு ஏறி உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்க்குமா என்று ஒரு சர்ச்சை. எல்லாம் முடித்து அவர் நிமிர்ந்த நேரம், சரியாகப் பத்தரை. திரை ஒரு துடி துடித்தது. 'புக்கிங் தொடங்கிவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து தேர்வு செய்யவும்' என்று வந்தது.

"போச்சு! பரஸ்தானத்துக்கு வச்ச பை வீட்டுக்கே திரும்பி வந்துட்டு!"

"பாத்தியளா? ராகு நின்னு வேலை செய்யுதான். போனக் கீழ வைங்க."

முத்துராஜ் போனைக் கீழே வைத்தார். எடுத்தார். வைத்தார். வாசலுக்குப் போய்ச் சார்ஜர் பெட்டியைப் பார்த்தார். உள்ளே வந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அதன் முள்ளை யாரோ பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டார்.

"குட்டி போட்ட பூனை மாரி இப்பிடி அலையாதிய. சீசன் நல்லாருக்காம். குத்தாலம் போயி ஒரு குளியலப் போட்டுட்டு, மங்குஸ்தான் வாங்கிட்டு வாங்க. மனசு அடங்கும்" என்று ஜெயபிரியா துண்டை எடுத்துத் தோளில் போட்டு, வண்டிச் சாவியையும் கையில் கொடுத்தாள்.

குற்றாலம் என்றதும் முத்துராஜுக்கு முகம் மலர்ந்துவிட்டது. குளிக்க அல்ல. ஐந்தருவி ரோட்டில் பழக்கடை வைத்திருக்கும் முகம்மது சலீம் ஞாபகம் வந்துவிட்டார். பள்ளிக்கூட காலத்துச் சிநேகிதம். ராகுவுக்கும் அவருக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. அவர் போனில், அவர் பேரில் புக் செய்துவிட்டால் அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். முத்துராஜ் ஸ்கூட்டரை முறுக்கினார்.

சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ரோடு முழுக்கச் சீசன் கூட்டம், ஈரத் தலையும் எண்ணெய் வழியும் முதுகுமாக. அத்தனை பேருக்கும் ஹாரன் அடித்து, அத்தனை பேரிடமும் திட்டு வாங்கி, கடைக்குப் போய்ச் சேர்ந்தார்.

சலீம் கதையைக் கேட்டுவிட்டுத் தாடியைச் சொறிந்தார்.

"ராகுகாலத்துலயாவே? எனக்கும் ஆகாதே."

"உமக்கு என்னவே ராகுகாலம்?"

"எனக்கில்லதான். வாங்க வாரவங்களுக்கு இருக்கே. முப்பது வருசமா ராகுகாலத்துல நான் ஒரு கூடைய எறக்குனது கெடையாது. எறக்குனா உங்காளுவ கை வைக்க மாட்டாக. பழகிப்போச்சுவே. இப்ப எனக்கே கை வர மாட்டேங்கு."

"உம்ம நம்பி வந்தேன் பாரும், என்னச் சொல்லணும்!"

"கோவப்படாதேயும். ஜும்மா தொழுதுட்டு வந்து ரெண்டு மணிக்குப் பண்ணித் தாரேன்."

ரெண்டு மணிக்குள் விஜய்பாண்டி அந்தக் காரில் சிவகிரிக்கே போய்விட்டு வந்துவிடுவான் என்று முத்துராஜ் கணக்குப் போட்டார். அவ்வளவுதான், துணிந்துவிட்டார். ராகு என்ன செய்துவிடுவான்? பொண்டாட்டிக்குத் தெரிந்தால்தானே?

கடைக்குப் பின்னால் சிக்னல் இல்லை. பழப்பெட்டி மேல் ஏறி நின்று போனை உயர்த்திப் பிடித்தால் இரண்டு கோடு தெரிந்தது. ஏறினார். கலர் கருப்பு. சீட்டு ஏதோ ஒன்று. சக்கரம் ஏதோ ஒன்று. கண்ணாடிக் கூரையா, வரட்டும், குரங்கு பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். மடமடவென்று கடைசிப் பக்கம் வந்துவிட்டது. 'முன்பணம் செலுத்த, வங்கியில் பதிந்த எண்ணுக்கு வந்த ஓ.டி.பி.யை இடவும். பிறகு உங்கள் வரிசை எண் தெரிவிக்கப்படும்.'

ஓ.டி.பி. வரவில்லை. ஏன் வரும்? பாங்கிக் கணக்கு ஆரம்பித்த அன்றைக்கு ஐயா போனில் சார்ஜ் இல்லை. மனைவியின் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தவர், இன்றுவரை மாற்றவில்லை.

நாக்கை ஈரப்படுத்திக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டார்.

"பிரியா... ஒரு நம்பர் வந்திருக்கும். சொல்லேன்."

"என்ன நம்பரு?"

"அது... பெயிண்ட் கம்பெனிலருந்து..."

"கார் கம்பெனின்னுலா போட்டிருக்கு?"

முத்துராஜ் அருவிச் சத்தத்தைக் கேட்பவர்போல நின்றார்.

"உங்களுக்குக் கூறு இருக்கா? ரோட்டுல போற வண்டிங்க அது! நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுவா? நான் போனச் சாமி படத்துக்கு முன்னால வைக்கப் போறேன். பன்னெண்டு அடிச்சாத்தான் எடுப்பேன்."

"பிரியா! ஏட்டி! ஏ பிரியா!"

ஆத்திரத்தில் அவர் ஒரு குதி குதித்தார். பெட்டி படக்கென்று விட்டுக்கொடுத்தது. சலீம் ஓடிவந்து பார்த்தபோது, முத்துராஜ் ஒரு பெட்டி மங்குஸ்தானுக்கு நடுவில், முழங்கால்வரை உள்ளே போயிருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, எல்லாம் கத்தரிப்பூ நிறம். மங்குஸ்தான் கறை போகாது என்பது பெயிண்ட் கடைக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"ராகுகாலம்னு சொன்னேன்லாவே" என்றார் சலீம் வருத்தத்தோடு.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பன்னிரண்டு ஆகச் சில நிமிஷங்கள் இருந்தன. ஜெயபிரியா குளித்து, பூ வைத்து, தலை நிமிர்ந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சட்டையைப் பார்த்தாள். தலையில் பூவைச் சரிசெய்துகொண்டாள். அந்த நிதானமே அவருக்கு என்னவோபோல் இருந்தது. கடிகாரம் பன்னிரண்டு அடித்ததும் எழுந்துபோய்ச் சூடம் காட்டி, போனை எடுத்துவந்து, அவர் மறுபடியும் வரவழைத்த நம்பரை ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னாள்.

முத்துராஜ் அமுக்கினார். வட்டம் சுற்றியது. சுற்றியது. மனுஷன் மூச்சே விடவில்லை.

'வாழ்த்துகள்! தென்காசியில் உங்கள் வரிசை எண்: 2.'

"செத்தேன்! அவன்தான்! அந்தப் பய ராகுகாலத்துலயே பண்ணிட்டான்!"

"ரெண்டாவதும் நல்ல எண்தான். புடிக்காட்டி வேண்டாம்னு சொல்லி ரத்து பண்ணிக்கிடலாம்."

"என் மானத்த எங்கட்டி ரத்து பண்ண? நாலு பேரு முகத்துல எப்பிடி முழிப்பேன்?" மனுஷன் அழுதுவிடுவோமோ என்று பயந்து, சட்டைகூட மாற்றாமல், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் பறந்தார்.

சீசன் நெரிசலில் முக்கால் மணி நேரம் ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது, ஷோரூம் வாசலில் விஜய்பாண்டியின் வண்டி நின்றது. வந்துவிட்டான், மாலை போட்டு போட்டோ எடுக்க! முத்துராஜ் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"அண்ணாச்சி! நீங்க செஞ்சது உங்களுக்கே நல்லாருக்கா?" என்று விஜய்பாண்டி அவர் மேல் பாய்ந்தான்.

"நான் என்னலே செஞ்சேன்?"

"மதினி வீடியோ கால்ல வந்து ராகுகாலம், ராகுகாலம்னாங்க. நிவேதா என் போனப் புடுங்கி பீரோல வச்சுப் பூட்டிட்டா. சாவியோட குளிக்கப் போனவ பன்னெண்டு வரைக்கும் வெளிய வரல. அந்த நேரம் பாத்து நீங்க மொத ஆளா அமுக்கிட்டிய!"

"நானா? ஏலே, எனக்கு ரெண்டாம் நம்பருலே! நீதான மொத ஆளு?"

"எனக்கு மூணு!"

இரண்டு பேரும் போனை எடுத்து நீட்டினார்கள். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். ரெண்டு. மூணு. பத்து வருஷத்தில் முதன்முறையாக முத்துராஜுக்குச் சகலை மேல் பாசம் வந்தது. பாவம், இவனும் நம்மைப் போலத்தான்.

"அப்ப எவன் அண்ணாச்சி?"

"சிவகிரிக்காரன் எவனாது நம்ம ஊரு பேருல போட்டிருப்பான். நம்ம ஊர்ல நேரங்காலம் பாக்காத ஆளு யாரு இருக்கா? சும்மா விடக் கூடாதுலே. வா, கேப்போம்."

சகலைகள் இருவரும் தோளோடு தோள் உரச, மேஜைக்குப் பின்னால் இருந்த அனுசியா என்ற பெண்ணின் முன்னால் போய் நின்றார்கள். அந்தப் பெண் கத்தரிப்பூச் சட்டையைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டது.

"ஏம்மா, மொத வண்டிய எடுத்தது எந்த ஊரு ஆளு? சொல்லு. சொல்லாம இங்கனருந்து நகர மாட்டோம்."

"உள்ளூர்தான் சார், ஒரு மேடம். போன வாரம் தனியா வந்து, அருவி வரைக்கும் வண்டிய அவங்களே ஓட்டிப் பாத்தாங்க. 'வெள்ளிக்கெழம பத்தரைக்கு எங்க ஊர்ல ஒரு ஆம்பள போனத் தொட மாட்டான், நான் பாத்துக்கிடுதேன்'னு சிரிச்சாங்க. சொன்ன மாரியே பத்தே முக்காலுக்கு மொத ஆளா புக் பண்ணிட்டாங்க, பேரு ஜெயபிரியா!"