டீவியில் வந்தது அப்பா மட்டும்

ஓர் ஆட்டத்துக்கு இரண்டு அணிகள் வேண்டும் என்பது விளையாட்டு விதி. தொலைக்காட்சிக்கு ஒன்று போதும். அந்த ஒன்று நகரத்துப் பெரிய கல்லூரியாக இருக்க வேண்டும். கொடி, மேளம், தொப்பி போட்ட பழைய மாணவர்கள் எல்லாம் அதற்கு இருக்க வேண்டும். மற்றது யாராக இருந்தாலும் அதன் பெயர் 'எதிரணி'. நான் பல வருடங்கள் அந்த எதிரணியின் டீச்சராக இருந்தவள்.

புசல்லாவைப் பக்கத்தில் ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதிபர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஸ்டெல்லா டீச்சர், நீங்க நல்ல ஒசரம். பாஸ்கட்போல நீங்களே பாத்துக்கங்க" என்றார். (உயரம் பார்த்துத்தான் பொறுப்புக் கொடுப்பார் என்றால் சங்கீத டீச்சரிடம் எதைப் பார்த்தாரோ!) எங்களிடம் இருந்தது ஒரேயொரு வளையம். தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் வெல்டிங் வைத்துக் கொடுத்தது. முதல் வருடம் கண்டிக்குப் போய் ஆடியபோது, இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறுவார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல மறந்துவிட்டேன். அன்று எங்களுக்கு எதிராக அதிகப் புள்ளி எடுத்தவர்கள் நாங்கள்தான்.

அப்படிப்பட்ட நாங்கள் ஒரு வருடம் மாகாண மட்டத்தில் அரையிறுதிக்குப் போனோம். போனது மட்டுமல்ல, வென்றோம். அந்த ஆட்டத்தை ஒரு தமிழ்த் தொலைக்காட்சி நேரடியாக ஒளிபரப்பியது. வீட்டுக்கு வந்து ஃபோனில் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பந்து எதிர்ப்பக்கம் போனால் கமரா ஓடியது. எங்கள் பக்கம் வந்தால் கமரா பெரிய கல்லூரியின் மேளக்காரரைக் காட்டியது. வர்ணனையாளர் கடைசிவரை எங்கள் பள்ளியின் பெயரைச் சொல்லவில்லை. "எதிரணி வென்றுவிட்டது" என்று இழவுச் செய்தி மாதிரிச் சொல்லி முடித்தார்.

எங்கள் கெப்டன் கௌசல்யா. அவளுடைய அம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார். பிள்ளை ஆடுவதை ஒருநாளும் பார்த்ததில்லை. அன்று மாலை அவர் எனக்கு ஃபோன் கோல் எடுத்தார்.

"டீச்சர், வீட்டு மேடத்துக்கிட்ட கெஞ்சிக் கேட்டு ஃபோன்ல பாத்தேன். எம் புள்ளயோட முதுகு ரெண்டு தடவ வந்திச்சு. சடைய வச்சுத்தான் கண்டுபிடிச்சேன்."

அவர் சண்டைக்கு வரவில்லை. சந்தோஷமாகச் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உடனே தொலைக்காட்சிக்காரர்களின் இலக்கத்தைத் தேடிப் பிடித்தேன். பேசியவர் நிரோஷன் என்ற இளம் தயாரிப்பாளர், யாழ்ப்பாணத்துப் பொடியன்.

"டீச்சர், கோவிக்காதேங்கோ. உங்கட பக்கம் சனமே இல்லை. வெறும் கதிரையைக் காட்டினால் பாக்கிற ஆக்கள் சனலை மாத்திப் போடுவினம். ஃபைனலுக்குச் சனத்தைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. கமரா தன்பாட்டில திரும்பும்."

"திரும்புமா?"

"ஓம் டீச்சர், நான் பொறுப்பு."

சனத்துக்கு எங்கே போவது? இறுதிப்போட்டி சனிக்கிழமை. பிள்ளைகளின் அம்மா அப்பாக்களுக்கு மலையில் தோட்ட வேலை. ஒரு நாள் போகாவிட்டால் அந்த நாள் சம்பளம் இல்லை. வாங்க என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. பழைய மாணவர் வட்ஸ்அப் குழுவில் போட்டேன். கட்டைவிரல், கைதட்டல், நெருப்பு, இதயம் எல்லாம் வந்தன. வருகிறேன் என்று ஒருவரும் எழுதவில்லை. பிலிமத்தலாவையில் கடை வைத்திருக்கும் ஒரு பழைய மாணவன் மட்டும், "டீச்சர், நோம்புக் கஞ்சின்னா ஆள் சேத்துருவேன். பாஸ்கட்போலுக்கு யாரு வருவா?" என்று உண்மையைச் சொன்னான்.

வீட்டில் நான் புலம்பியதை அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிளாக்கர். கோயிலில் யாத்திரைக்கு பஸ் பிடிப்பது, ஆள் சேர்ப்பது, வழியில் செபம் சொல்லிக் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. மைக் இல்லாமலே மூன்று லயத்து வீட்டு வரிசைகளுக்கும் கேட்கும் தொண்டை.

"ஆளுதான வேணும்? நான் பாத்துக்குறேன்" என்றார்.

"எப்படிப்பா?"

"அத ஏன் நீ கேக்குற? நீ பந்தப் பாரு."

இந்த இடத்தில் நான் விடாமல் கேட்டிருக்க வேண்டும். இரண்டு நாளில் அவர் பையோடு கிளம்பியபோதும், தோட்டம் தோட்டமாக ஆள் சேர்க்கத்தான் போகிறார் என்று நினைத்து விட்டுவிட்டேன். எனக்கு வேறு வேலை இருந்தது. வென்றால் டீவியில் பேட்டி எடுப்பார்களே! கண்ணாடிக்கு முன்னால் நின்று, புருவத்தைச் சற்றுச் சுருக்கி, "மலையகத்தின் விளையாட்டு எதிர்காலம்" என்று ஆரம்பித்துப் பேசிப் பழகினேன். இளநீலச் சேலை வாங்கினேன். (கூடைப்பந்துக்குச் சேலையா என்று அம்மா கேட்டார். டீவியில் நீலம் எடுக்கும் என்றேன்.)

சனிக்கிழமை வந்தது. கண்டி மண்டபத்தில் அந்தப் பக்கம் முழுக்க இன்னொரு பெரிய கல்லூரியின் கொடி. இந்தப் பக்கம் வெள்ளை பிளாஸ்டிக் கதிரைகள் வரிசை வரிசையாக, பல் விளக்கிய மாதிரிப் பளபளவென்று, ஆளில்லாமல். நிரோஷன் தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்டினார். அப்பாவுக்குக் கோல் எடுத்தேன்.

"வந்துகிட்டே இருக்கோம். கட்டுகஸ்தோட்ட தாண்டிட்டோம்."

"கட்டுகஸ்தோட்டயா? புசல்லாவையிலருந்து வர்றதுக்கு ஏன்ப்பா அந்தப் பக்கம் போனீங்க?"

லைன் கட்டாகிவிட்டது.

ஆட்டம் தொடங்கியது. பிள்ளைகள் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். கமரா வழக்கம்போல அந்தப் பக்கத்து மேளக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தது. இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் கதவுப் பக்கம் ஒரே சத்தம். திரும்பிப் பார்த்தேன். அப்பா முன்னால் வர, பின்னால் ஒரு முழு பஸ் ஆட்கள். கழுத்தில் செபமாலை, கையில் பாய், தலையணை, சாப்பாட்டு வாளி, தெர்மஸ். மாதா கோயில் யாத்திரைக்குப் போய் மூன்று நாள் தங்கிவிட்டுத் திரும்பி வந்த கூட்டம்! வீட்டுக்குப் போகிற பஸ்ஸை அப்பா அப்படியே மண்டபத்துக்குத் திருப்பியிருந்தார். சிங்கள டிரைவரும் கண்டக்டரும்கூட இறங்கி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள்.

"எதுக்கு இங்க வந்திருக்கோம்?" என்று ஒரு அக்கா என்னிடமே கேட்டார். "ஒங்க அப்பா, சும்மா காத்தாட ஒரு அர மணி நேரம் ஒக்காந்துட்டுப் போவோம்னாரு."

கதிரைகள் நிறைந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகுதான் தெரிந்தது, இவர்களில் ஒருவருக்கும் கூடைப்பந்து தெரியாது. எங்கள் பிள்ளை போட்டாலும் கைதட்டினார்கள், அவர்கள் போட்டாலும் கைதட்டினார்கள். பந்து வெளியே போனால் இன்னும் பலமாகத் தட்டினார்கள். நான் கையை ஆட்டி, "மஞ்சச் சட்டைக்கு மட்டும்! மஞ்சச் சட்டைக்கு மட்டும்!" என்று கத்தினேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா, "ஏன் டீச்சர், வெள்ளச் சட்டையும் நம்ம புள்ளைக மாதிரிதான?" என்றார்.

கடைசிக் கால்பகுதி. கொஞ்சம்தான் பின்னால் நிற்கிறோம். கௌசல்யாவைத் தள்ளிவிட்டதற்காக அவளுக்கு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. கோட்டில் நின்று பந்தைத் தட்டினாள். மண்டபமே அமைதியானது.

அந்த அமைதியை அப்பா தப்பாகப் புரிந்துகொண்டார். செபம் தொடங்க வேண்டிய நேரம் என்று நினைத்துவிட்டார்.

"பாவிகளுக்கு அடைக்கலமே!"

மூன்று நாள் பழக்கம். ஒரு பஸ் ஆட்களும் ஒரே குரலில், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!"

கௌசல்யா திடுக்கிட்டுப் பந்தைப் போட்டாள். அது வளையத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது. அவ்வளவுதான். அப்பாவை இனிப் பிடிக்க முடியாது. இரண்டாவது ஃப்ரீ த்ரோவுக்கும் செபம், அதுவும் விழுந்தது. அடுத்து எதிரணிப் பிள்ளைக்கு ஃப்ரீ த்ரோ. அதற்கும் தொடங்கினார்!

"அப்பா! அது அவங்க புள்ள!"

"அதுவும் பாவம்தானம்மா, பயந்து போய் நிக்குது பாரு!"

எல்லாரும் வேண்டிக்கொண்டார்கள். உடனே பலித்தது. அந்தப் பக்கம் புள்ளி ஏறியது.

நிரோஷன் சொன்ன சொல் தவறாதவர். கமரா திரும்பியது. எங்கள் பக்கம்தான் திரும்பியது. ஆனால் பிள்ளைகள் பக்கம் இல்லை, அப்பா பக்கம். ஒரு கமரா போதாதென்று தோளில் வைக்கும் கமராவையும் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றார்கள். கமராவைக் கண்டதும் அப்பாவுக்குப் பின்வரிசைக்காரர்களின் ஞாபகம் வந்தது. அவர்களுக்குத் தான் தெரியவில்லையாம். பிளாஸ்டிக் கதிரையில் ஏறி நின்றுவிட்டார்.

ஆட்டம் முடிய இன்னும் சில விநாடிகள். ஒரே ஒரு புள்ளி குறைவு. பயிற்றுநர் என்ன செய்ய வேண்டும்? பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். நான் பார்த்தது அந்தக் கதிரையின் கால்களை. நான்கும் நான்கு திசையில் விரிந்துகொண்டிருந்தன. அப்பாவுக்கு முழங்கால் ஒப்பரேஷன் செய்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடினேன். இரண்டு கையாலும் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, தொண்டை கிழியக் கத்தினேன்.

"எறங்குங்கப்பா! எறங்குங்க! எலும்பு ஒடஞ்சா யாரு பாக்குறது? எறங்குங்கன்னா!"

"இரும்மா, இன்னும் முடியல!"

"நீங்க எறங்குறீங்களா, நான் கதிரைய இழுக்கவா?"

எனக்குப் பின்னால் பெரிய இரைச்சல் எழுந்தது. திரும்பினேன். எங்கள் பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து உருண்டுகொண்டிருந்தார்கள். வென்றுவிட்டோம். கௌசல்யா போட்டிருக்கிறாள். எங்கிருந்து போட்டாள், எப்படிப் போட்டாள், எனக்குத் தெரியாது. யாத்திரைக்காரர்களுக்கும் தெரியாது, அவர்கள் எங்கள் குடும்பச் சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கமராக்களும் அதையே பார்த்துக்கொண்டிருந்தன. எங்கள் பள்ளியின் வரலாற்றிலேயே பெரிய வெற்றியைக் கண்ணால் கண்டவர்கள் நடுவர்களும் தோற்றுப்போன கல்லூரிக்காரர்களும் மட்டும்தான். வேறு வழியில்லாமல் அவர்களுடைய பயிற்றுநரிடமே போய், "மிஸ், எங்க புள்ள எப்படிப் போட்டிச்சு?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது.

பேட்டியா? எடுத்தார்கள். அப்பாவை. மலையகத்தின் விளையாட்டு எதிர்காலத்தைப் பற்றி அவரிடம் கேட்டார்கள். "எல்லாம் மாதா பாத்துக்குவா" என்று ஒரே வரியில் முடித்தார். என் நீலச் சேலையும் டீவியில் வந்தது, முழங்கால் வரைக்கும் சொருகியபடி.

யாத்திரை பஸ்ஸிலேயே எல்லாரும் திரும்பினோம். கம்பளை தாண்டும்போது குவைத்திலிருந்து வீடியோ கோல் வந்தது. அந்தத் தாயின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

"பாத்தேன் டீச்சர். ஒங்க அப்பாவ நல்லாப் பாத்தேன். பெரியவருக்கு ஒண்ணும் ஆகலயே?" என்று முதலில் அதைத்தான் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எம் புள்ள கடைசில போட்டாளாமே? எப்படிப் போட்டா?" என்றார்.

ஃபோனைக் கௌசல்யாவிடம் நீட்டினேன். அவள் அதை என் கையிலேயே திருப்பித் தந்து, "நீங்க புடிங்க டீச்சர். என்னய மட்டும் புடிங்க" என்றாள். அந்த 'மட்டும்' எனக்கு நன்றாக உறைத்தது. பிறகு யாரோ ஒருவரின் தலையணையை எடுத்துக்கொண்டு, ஓடுகிற பஸ்ஸின் நடுவழியில், "இங்க ஒருத்தி மறிச்சா ம்மா, இப்படித் திரும்பினேன், ஒத்தக் கால்ல எழும்பி..." என்று சொல்லிக்கொண்டே பாய்ந்தாள். தலையணை டிரைவரின் பின்மண்டையில் போய் விழுந்தது. டிரைவர் சிங்களத்தில் ஏதோ சொன்னார், பஸ்ஸே சிரித்தது. "இன்னொரு தடவ" என்றார் அம்மா. அவள் திரும்பவும் போட்டாள். புசல்லாவை வரும் வரைக்கும் போட்டுக்கொண்டே இருந்தாள். நான் ஃபோனை அசையாமல் பிடித்துக்கொண்டே வந்தேன். அந்தக் கூடையை நானும் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

இரவுச் செய்தியில் எங்கள் பள்ளியின் பெயர் முதல் தடவையாக, எழுத்துப் பிழையில்லாமல் வந்தது. மேலே படத்தில் நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தேன்.

வருடங்கள் ஓடிவிட்டன. எனக்குக் கல்யாணம் நடந்தபோது, பீடத்துப் படியில் அப்பா என் கையைப் பிடித்து ஏறினார், பின்னாலிருந்து முழுக் கோயிலும் "எறங்குங்கப்பா!" என்றது. ஃபாதர்கூடச் சிரித்துவிட்டார். கண்டிக்கு ஆடப் போனால், எங்கள் பிள்ளைகள் ஃப்ரீ த்ரோ போடும் நேரம் பார்த்து எதிர்ப்பக்கத்து மாணவிகள் அதையே கூட்டமாகக் கத்துகிறார்கள். தமிழ் தெரியாத பிள்ளைகள்கூட இந்த ஒரு வார்த்தையைப் பிழையில்லாமல் சொல்கிறார்கள்.

போன மாதம் ஓர் ஆட்டத்துக்கு முன்னால் நிரோஷன் கோல் எடுத்தார். இப்போது பெரிய பதவியில் இருக்கிறார். எங்கள் அணியைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்று நினைத்து, பிள்ளைகளின் பெயர், வகுப்பு, உயரம் எல்லாம் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"நல்லது டீச்சர். அது சரி, அப்பா வாறாரோ?"

ஃபோனைப் பொத்திக்கொண்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"எந்தக் கதிரையில ஏறணும்னு கேட்டுச் சொல்லும்மா."